தடை ஓட்டம்: "பயிற்சி போதாது" என்ற தயக்கத்தோடு களமிறங்குபவர்களுக்கு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போகும்போது, உப்புவெளியைத் தாண்டி, சாம்பல்தீவுக்கு அருகே கடலைப் பார்த்தபடி கிடக்கும் மீனவக் கிராமம் சல்லி. வெளியூரவர்கள் பலர் இந்த ஊரை முத்துமாரியம்மன் கோவிலால்தான் அறிவார்கள். அந்தக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கணுக்கால் புதையும் மணலில், உடலைப் பின்னுக்குச் சாய்த்து, நனைந்த கயிற்றை மணிக்கணக்காக இழுப்பது சாதாரண வேலை அல்ல. ஆனால் அதே வேலையைச் செய்யும் இளைஞரிடம் "தடை ஓட்டப் போட்டி ஒன்று இருக்கிறது, பெயர் கொடுப்பமா?" என்று கேட்டால், "ஐயோ, எனக்குப் பயிற்சி இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

இந்தத் தயக்கம் சல்லிக்கு மட்டும் உரியதல்ல. 1985இலும் 1990இலும் இடம்பெயர்ந்த, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்ட கரையோரம் இது. வடக்கிலும் கிழக்கிலும் போரால் பள்ளிக்கூட மைதானத்தை இழந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களுக்கு இல்ல மெய்வல்லுநர்ப் போட்டியும் இல்லை, ஒழுங்கான பயிற்றுநரும் இல்லை. இன்று முப்பது, நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், நண்பர்களோ பிள்ளைகளோ வேலைத்தளமோ இழுத்துக்கொண்டு போய் ஒரு போட்டியில் நிறுத்தும்போது "நான் இதற்கு ஆயத்தம் இல்லை" என்ற எண்ணம் வருவது இயல்பு.

அந்த எண்ணம் சில வேளை வெறும் பயம். சில வேளை உடல் சொல்லும் உண்மை. இரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தடை ஓட்டம் என்றால் எது?

தமிழில் ஒரே சொல்லால் நாம் அழைக்கும் போட்டிகள் உண்மையில் மூன்று வகை.

முதலாவது, தடைதாண்டல். ஆண்களுக்கு 110 மீற்றர், பெண்களுக்கு 100 மீற்றர், இருபாலாருக்கும் 400 மீற்றர் என நடக்கும் இப்போட்டிகளில் ஒவ்வொன்றிலும் 10 தடைகள் உண்டு. கால் பட்டால் தடை சரிந்து விழும்.

இரண்டாவது, 3000 மீற்றர் தடைதாண்டல். இதில் 28 சாதாரணத் தடைகளும் 7 நீர்த்தடைகளும் உள்ளன. தடையின் உயரம் ஆண்களுக்கு 91.4 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 76.2 சென்ரிமீற்றர். இவை பாரமான மரச் சட்டங்கள். கால் பட்டால் தடை விழாது, ஓடுபவர்தான் விழுவார். ஆகவே சட்டத்தின் மேல் கால் வைத்து மிதித்துத் தாண்டவும் விதி இடம் தருகிறது.

மூன்றாவது, பலவகைத் தடைகள் கொண்ட நெடுந்தூர ஓட்டம். சுவர் ஏறுதல், கயிறு ஏறுதல், முட்கம்பியின் கீழ் ஊர்தல், சேற்றில் நடத்தல், மண்மூட்டை சுமத்தல், சட்டத்தில் தொங்கி நகர்தல் என்று 5 கிலோமீற்றரிலிருந்து 21 கிலோமீற்றர் வரை நீளும். பயிற்சி இல்லாதவர்கள் அதிகம் சேர்வது இந்த வகையில்தான். பாலர் பிரிவுப் பிள்ளைகள் சாக்குக்குள் புகுந்தும் ரயருக்குள் நுழைந்தும் ஓடும் ஓட்டத்தின் பெரியவர் வடிவம் என்று இதைச் சொல்லலாம். இக்கட்டுரை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைப் பற்றியது.

எங்கிருந்து வந்தது?

3000 மீற்றர் தடைதாண்டலின் வேர் குதிரையோட்டத்தில் இருக்கிறது. 1752இல் அயர்லாந்தில் இரண்டு பேர் பட்டவன்ற் என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து டொனரெயில் என்ற ஊரின் தேவாலயக் கோபுரம் வரை, வழியில் கிடந்த வேலி, மதில், ஓடை எல்லாவற்றையும் தாண்டிக் குதிரையில் பந்தயம் விட்டார்கள். பின்னர் மனிதர்களும் அப்படி ஓடத் தொடங்கினார்கள். 1920 முதல் ஒலிம்பிக்கில் இதன் தூரம் 3000 மீற்றர். பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு திறந்தது 2008 பீஜிங்கில்தான்.

பலவகைத் தடை ஓட்டத்துக்கு வேறொரு கதை. ஜோர்ஜ் எபேர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902 மே 8ஆம் திகதி மார்ட்டினிக் தீவில் மொன்ட் பெலே எரிமலை வெடித்து சென் பியர் நகரம் அழிந்தபோது அவர் மீட்புப் பணியில் இருந்தார். ஏறத்தாழ 28,000 பேர் இறந்த அந்தப் பேரழிவில், தப்புவதற்காக மனிதர்கள் ஓடியதையும் ஏறியதையும் தடைகளில் தடுமாறியதையும் அவர் கண்டார். நடத்தல், ஓடுதல், ஏறுதல், சுமத்தல், நீந்துதல் போன்ற இயல்பான அசைவுகளே உண்மையான உடற்பயிற்சி என்ற அவருடைய முறை, பிரெஞ்சுப் படையின் தடைப் பயிற்சிக் களங்களுக்கு அடிப்படையானது. ஒரு பேரழிவில் மக்கள் உயிர்தப்ப ஓடியதைப் பார்த்துப் பிறந்த பயிற்சி இது என்பதை நாம் மறக்கத் தேவையில்லை.

படைப் பயிற்சிக் களம் பொதுமக்கள் போட்டியாக மாறியது 1987இல், இங்கிலாந்தின் வூல்வர்ஹம்ரன் அருகே ஒரு பண்ணையில் தொடங்கிய 'ரவ் கை' போட்டியோடு. 2010இல் அமெரிக்காவில் 'ஸ்பார்ட்டன்', 'ரவ் மடர்' ஆகிய இரண்டும் தொடங்கின. முதலாவதில் நேரம் கணக்கிடப்படும்; தடையில் தோற்றால் தண்டனைப் பயிற்சி உண்டு. இரண்டாவது பெரும்பாலும் நேரம் பார்க்காதது. ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தாண்டுவதே அதன் மரபு. பயிற்சி குறைந்தவர் பெயர் கொடுக்கும் முன் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: இது நேரம் பார்க்கும் போட்டியா, சேர்ந்து முடிக்கும் போட்டியா?

தடை ஓட்டம் இப்போது ஒலிம்பிக்குக்கும் வருகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையொன்று துன்புறுத்தப்பட்ட சர்ச்சைக்குப் பின், நவீன ஐந்நிலைப் போட்டியில் குதிரையேற்றத்தை நீக்கி, சுமார் 70 மீற்றரில் 8 தடைகள் கொண்ட ஓட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள். 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் அது முதன்முதலாக நடக்கும்.

முட்கம்பி எங்களுக்கு விளையாட்டா?

இந்தப் போட்டிகளில் வரும் பொருட்களைப் பாருங்கள்: முட்கம்பி, பதுங்குகுழி போன்ற பள்ளம், மார்பளவு தண்ணீர், புகை, மண்மூட்டை, தொடக்க வெடிச் சத்தம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு இவை வார இறுதிச் சாகசம். 2009இல் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நந்திக்கடல் நீரைக் கடந்தவருக்கு? செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்கு உள்ளே மாதக்கணக்காக இருந்தவருக்கு? அந்த ஆண்டு முகாம்களுக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் பலருடைய உடல் இந்தத் தடைகளை ஏற்கெனவே அறியும். அறிந்த விதம்தான் வேறு.

ஆகவே, முட்கம்பியைக் கண்டதும் நெஞ்சு படபடத்தால் அதைப் "பயிற்சிக் குறை" என்று கணக்கெடுக்க வேண்டாம். அது கோழைத்தனமும் அல்ல. உடல் தன் நினைவைச் சொல்கிறது. சிலர் அதே தடையை விருப்பத்தோடு, பாதுகாப்பாக, நண்பர்களோடு கடக்கும்போது மனம் இலேசாவதாகச் சொல்வார்கள். வேறு சிலருக்கு அது பழைய இரவுகளைத் திரும்பக் கொண்டுவரும். முன்கூட்டியே எது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே தடைகளின் பட்டியலை முன்னரே கேட்டு வாங்குங்கள். வெடிச் சத்தமோ புகையோ உண்டா என்று கேளுங்கள். விசில் அடித்துத் தொடக்கும்படி ஏற்பாட்டாளரைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போட்டி நடத்தும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் கழகங்களும் இதைத் தாமாகவே கவனித்தால் இன்னும் நல்லது.

ஓட்டத்தின் நடுவே படபடப்பு வந்தால், நின்று, பாதையின் ஓரம் போய், மூச்சை உள்ளெடுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட ஓடுபவருக்கு இதை முன்பே சொல்லி வைத்திருங்கள். போட்டி முடிந்த பின்னும் தூக்கம் குழம்பினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

ஆயத்தம் குறைந்தும் ஓடியவர்கள்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 3000 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் வென்றவர் ஹொரஸ் அஷன்ஃபெல்ட்டர் என்ற அமெரிக்கர். அவர் முழுநேர விளையாட்டு வீரர் அல்ல. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ.யில் வேலை, வீட்டில் குடும்பம். வேலை முடிந்த பின் இரவில் பூங்காவில் ஓடி, அங்கிருந்த வாங்குகளைத் தாண்டிப் பழகினார். சோவியத் வீரர் கசன்ட்செவ்தான் வெல்வார் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கடைசி நீர்த்தடையில் அஷன்ஃபெல்ட்டர் முந்தினார்.

அதே ஹெல்சிங்கிக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒருவர் போயிருந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் பாய்தல். அப்போது வயது 17. அவர் அங்கே பதக்கம் பெறவில்லை. ஆறு ஆண்டுகளின் பின், 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைக் கொண்டுவந்தார். முதல் போட்டியில் தோற்பது எதையும் முடித்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்குத் தேவையில்லை.

இந்தியாவின் அவினாஷ் சாப்ளே மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தின் வரட்சியான கிராமம் ஒன்றில் பிறந்தவர். இராணுவத்தில் சேர்ந்து சியாச்சின் பனிமலையில் கடமையாற்றினார். போட்டி ஓட்டத்துக்கு வந்தது அதன் பின்னர்தான். 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் 8 நிமிடம் 11.20 செக்கனில் ஓடி, 0.05 செக்கனால் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி வென்றார். 1998 முதல் அப்போட்டியின் மூன்று பதக்கங்களும் கென்யர்களுக்கே போய்க்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம். ஆனால் 2025 ஜூலையில் மொனாக்கோவில் நீர்த்தடையில் விழுந்து அவருடைய முழங்கால் சவ்வு கிழிந்தது. உலகத் தரத்தில் பயின்றவரையும் நீர்த்தடை விழுத்தும்.

முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் 72 வயதில் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர்ப் போட்டியில் தங்கம் வென்றது நம் செய்திகளில் வந்தது. வயது ஒரு சாட்டு அல்ல என்று அவர் காட்டினார்.

இன்னொரு பாடம் 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து. சுற்றுகளை எண்ணிய அதிகாரி தவறிவிட, வீரர்கள் ஒரு சுற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 3460 மீற்றர் ஓடினார்கள். 3000 மீற்றர் முடிவில் இரண்டாவதாக இருந்த அமெரிக்கர் மக்ளஸ்கி, கூடுதல் சுற்றில் பின்தங்கி மூன்றாம் இடத்துக்குப் போனார். தடை ஓட்டத்தில் "இதோடு முடிந்தது" என்று நினைக்கும் இடத்தில் இன்னொரு தடை நிற்கலாம். சக்தியில் கொஞ்சத்தை எப்போதும் மிச்சம் வையுங்கள்.

பயமா, உண்மையா? மூன்று கேள்விகள்

ஒன்று: போட்டித் தூரத்தின் அரைவாசியை, நடந்தும் ஓடியும், நிற்காமல் இன்று முடிக்க முடியுமா? 5 கிலோமீற்றர் போட்டி என்றால், சல்லிக் கரையால் இரண்டரைக் கிலோமீற்றர் போய்ப் பாருங்கள். முடிந்தால், முழுத் தூரத்தையும் மெதுவாக முடிக்கக்கூடிய வாய்ப்பு அதிகம்.

இரண்டு: தரையில் படுத்து எழும்ப, ஒரு கதிரை உயரத்தில் ஏறி இறங்க, சட்டத்தில் 20 செக்கன் தொங்க முடியுமா? முடியாத தடைகளை விட்டுப் போக விதி இடம் தருகிறதா?

மூன்று: மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத மயக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், அண்மைய காய்ச்சல் ஏதாவது உண்டா? உண்டு என்றால் வைத்தியரைக் காணாமல் ஓடக்கூடாது. காய்ச்சலோடு ஓடுவது இதயத்துக்கே ஆபத்து.

முதல் இரண்டுக்கும் "முடியும்", மூன்றாவதுக்கு "இல்லை" என்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் தயக்கம் மட்டுமே. அதோடு, கரைவலை இழுப்பவர், வயலில் மூட்டை சுமப்பவர், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடத்தோடு நடப்பவர் ஆகியோருக்குப் "பயிற்சி இல்லை" என்பதே பாதி தவறு. பிடி, முதுகு, தோள் ஆகியவற்றின் வலிமை அவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் தொடர்ந்து ஓடும் மூச்சுத்தான்.

இரண்டு வாரம்தான் இருக்கிறதா?

இரண்டு வாரத்தில் உடலைப் புதிதாகக் கட்ட முடியாது. ஆனால் மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, வெயிலுக்குப் பழகுதல். உடல் வெப்பத்துக்கு இசைய 10 முதல் 14 நாட்கள் வேண்டும். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம் 35 பாகையைத் தொடுவது வழமை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து மூன்றாம் நாளே போட்டியில் நிற்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக, தண்ணீரோடு, காலை வெயிலில் தொடங்குங்கள்.

இரண்டாவது, மூச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள், 30 முதல் 40 நிமிடம். ஐந்து நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகம் போதும். ஈர மணலில் ஓடுவது எளிது; உலர்ந்த மணல் கெண்டைக்காலை வருத்தும், ஆகவே அதில் குறைவாக ஓடுங்கள்.

மூன்றாவது, தடைகளின் நுட்பம். வலிமையைவிட இது வேகமாகக் கைவரும். பனையேறிகள் தளைநார் போட்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தைக் கால் தாங்கும், கை வழிகாட்டும். கயிறு ஏறுவதும் அப்படித்தான்: ஒரு பாதத்தின் மேல் கயிற்றைச் சுற்றி, மற்றப் பாதத்தால் மிதித்துப் பூட்டி எழும்ப வேண்டும். கையால் மட்டும் ஏறப் பார்த்தால் பாதியில் விழுவீர்கள்.

கடைசி மூன்று நாட்கள் ஓய்வு. "விட்டதைப் பிடிப்போம்" என்று கடைசி வாரத்தில் கடுமையாக ஓடினால் கிடைப்பது தசைவலி மட்டுமே.

வன்னியிலும் வேறு பகுதிகளிலும் பயிற்சிக்காகப் புதிய காட்டுப் பாதைகளைத் தேட வேண்டாம். ஊரவர்கள் நாளாந்தம் பாவிக்கும் பாதையில் மட்டும் ஓடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் குறுக்குவழி கிடையாது.

ஓடும் நாளில்

புதுச் சப்பாத்து வேண்டாம். பழகிய, நீர் வடியக்கூடிய சப்பாத்து, இறுக்கிய முடிச்சு. கனமான பருத்தித் துணியும் டெனிமும் நனைந்தால் தொடையை உரசிப் புண்ணாக்கும். உடலோடு ஒட்டிய மெல்லிய நீளக் காற்சட்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் நல்லது; முட்கம்பியின் கீழ் முழங்காலையும் காக்கும். தாலி, சங்கிலி, மோதிரம் அணிந்து கயிறோ சட்டமோ பிடிக்கக்கூடாது. மோதிரம் சிக்கினால் விரலே போகலாம்.

முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தை, மற்றவர்கள் முந்தினாலும், மெதுவாகவே ஓடுங்கள். பயிற்சி குறைந்தவர் தோற்பது கடைசித் தடையில் அல்ல. முதல் கிலோமீற்றரின் வேகத்தில்தான்.

சுவரில்: கால் வைத்துத் தள்ளி ஏறுங்கள், உதவி கேளுங்கள். இறங்கும்போது கைகளால் முழுவதும் தொங்கி, பின் முழங்காலை மடித்துக் குதியுங்கள். மேலிருந்து பாயவேண்டாம்.

முட்கம்பியின் கீழ்: வயிறு மண்ணில் பட ஊருங்கள், இடுப்பை உயர்த்தாதீர்கள். இடம் இருந்தால் உருளுவது இலேசு.

பாரம் சுமக்கையில்: மண்மூட்டையைக் கையில் அணைக்காமல் தோளில் வையுங்கள். அரிசி மூட்டை சுமந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

சேற்றில்: ஓடவேண்டாம். காலை நேரே மேலே தூக்கி வையுங்கள்.

நீரில்: எப்போதும் கால் முதலில். தலைகீழாகப் பாயவே கூடாது. நீந்தத் தெரியாதவர் ஆழமான நீர்த்தடையை விட்டுவிடுங்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் நடந்த தடை ஓட்டமொன்றில் 28 வயது இளைஞர் நீர்த்தடையில் மூழ்கி, பின்னர் இறந்தார். நீரருகே உயிர்காப்பாளர் நிற்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தடையில் இறங்காதீர்கள்.

தெரிந்திருக்க வேண்டிய ஆபத்துகள்

வெப்பத் தாக்கு: ஓடுபவர் உளறினால், தள்ளாடினால், குணம் மாறினால் அது களைப்பு அல்ல. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடை தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்நீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடைமடி எல்லாம் வையுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகே வாகனம். சுயநினைவு இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. 1990 சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவை இலவசம்.

தண்ணீர் கூடுதலும் கேடு: தாகத்துக்கு மேல் லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறையும். 2002 பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதமானோருக்கு இந்தக் குறைவு இருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் நீண்டால் ஜீவனிக் கரைசலோ, உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரோ இடையிடையே குடியுங்கள்.

எலிக்காய்ச்சல்: சேறும் தேங்கிய நீரும் உள்ள போட்டிகளில் இது நிஜமான ஆபத்து. 2000ஆம் ஆண்டில் மலேசியாவின் சபாவில் நடந்த சாகச ஓட்டமொன்றில் 304 பேர் பங்குபற்றினர். பின்னர் தொடர்புகொள்ளப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. காலில் காயமிருந்தால் சேற்றில் இறங்கவேண்டாம். வயல் வேலை செய்பவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தடுப்பு மாத்திரை வழங்குவது உண்டு. போட்டிக்கு முன் அங்கே ஆலோசனை கேளுங்கள். போட்டி முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவத்தல் வந்தால், "சேற்றில் இறங்கினேன்" என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனால்: பழக்கமில்லாத கடும் உழைப்பில் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்பதன் அடையாளம் அது. அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நோமாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக்கூடாது.

ஏற்புவலி ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். முட்கம்பிக் கீறலும் மண்ணும் சேர்ந்தால் அது முக்கியம்.

உடலில் போர் விட்டுப்போனவை

எறிகணைச் சிதறல் துண்டுகளோடு வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். துண்டு மூட்டுக்கோ, முள்ளந்தண்டுக்கோ, பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் இருந்தால், குதிப்பதும் ஊர்வதும் அதை அசைக்கலாம். பழைய எக்ஸ்ரே படத்தோடு சத்திரசிகிச்சை வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள். ஓட்டத்தில் காயப்பட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், உடலில் உலோகம் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

செயற்கைக் காலோடு ஓட விரும்புபவர்களுக்கு: றப்பரால் செய்த ஜெய்ப்பூர் பாதம் சேற்றையும் நீரையும் தாங்கும். ஆனால் கிண்ணத்துக்குள் மணலும் வியர்வையும் புகுந்தால் மிஞ்சிய காலில் புண் வரும். மேலதிக உறை ஒன்றைக் கூட வைத்திருங்கள். இடையில் கழற்றித் துடைக்க நேரம் ஒதுக்குங்கள். போட்டிக்கு முன் யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடமொன்றில் பொருத்தத்தைச் சரிபாருங்கள்.

ஒரு காது கேளாதவர், ஒரு கண் பார்வை இழந்தவர் எந்தப் பக்கத்தில் துணைவர் ஓடவேண்டும் என்பதை முன்பே தீர்மானியுங்கள்.

விலகுவதும் ஒரு முடிவு

ஓட்டத்தின் நடுவே நெஞ்சு வலி, தலைச்சுற்று, குளிர் நடுக்கம், ஒரு காலில் பாரம் வைக்க முடியாத வலி இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். தசை எரிச்சல், மூச்சு வாங்குதல், "எல்லோரும் முந்திவிட்டார்கள்" என்ற வெட்கம் ஆகியவை நிறுத்தக் காரணங்கள் அல்ல. அவற்றோடு நடக்கலாம். நடந்து முடித்தவருக்கும் முடிவுக் கோடு ஒன்றுதான்.

விலகினால் ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனவரை இருட்டும்வரை தேடிய அனுபவம் போட்டி நடத்துபவர்களுக்கு உண்டு. காணாமற்போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஊர்களில், ஒருவரைக் காணவில்லை என்ற சொல் சிறிய சொல் அல்ல.

போரிலிருந்து தப்பும்போது யாரும் எங்களிடம் ஆயத்தமா என்று கேட்கவில்லை. நிற்கவோ திரும்பவோ முடியவில்லை. விளையாட்டு மைதானத்தில் அது முடியும். எந்தத் தடையில் ஏறுவது, எதை விடுவது, எப்போது நிற்பது என்பதெல்லாம் ஓடுபவரின் கையில் இருக்கிறது. பயிற்சி முழுமையாகும் வரை காத்திருந்தால் பலர் ஒருபோதும் ஓடப்போவதில்லை. மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லி, கூட வர ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, நாளைக் காலை கரையில் இரண்டரைக் கிலோமீற்றர் நடந்து பாருங்கள். பெயர் கொடுப்பதா இல்லையா என்பதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.